வண்ணமில்லாப் படங்களில் புனிதரின் அடையாளங்கள்

செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறி, அக்கோடுகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுக்கும் செதுக்கு அச்சுப்படக் கலை, 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நகரங்களில் வளர்ந்தது. தேவாலயப் பீடத்து ஓவியங்களில் அங்கியின் நிறமும் பொன்பூச்சும் இவர் இன்ன புனிதர் என்று உணர்த்தத் துணைநின்றன. கருங்கோடுகளால் மட்டுமே அமைந்து, கோயிலுக்கு வெளியே சந்தைகளிலும் விற்கப்பட்ட அச்சுப்படங்களுக்கு அத்துணை கிட்டவில்லை. ஆகவே புனிதரை இனங்காட்டும் பொறுப்பு, அவர் கையிலோ காலடியிலோ உள்ள பொருளின் வடிவத்தைப் பெரிதும் சார்ந்தது.

மறைசாட்சியர், அதாவது விசுவாசத்துக்காக உயிர்நீத்தோர், பெரும்பாலும் தம்மை வதைத்த கருவியையே அடையாளமாக ஏந்தினர். உயிரோடு தோலுரிக்கப்பட்டதாக மரபு கூறும் பர்த்தலமேயு கத்தியையும், அறுத்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் சீமோன் வாளரத்தையும் தாங்கி நிற்பதை, நூரன்பர்க் நகரக் கலைஞர் அல்பிரெக்ட் டியூரர் 1523இல் செதுக்கிய படங்களில் காணலாம். கொல்லும் கருவி வெற்றியின் விருதாக மாறிவிடுவதே இம்மரபின் உட்பொருள்.

அறைக்குள் அமர்ந்திருக்கும் புனித ஜெரோமை டியூரர் 1514இல் செதுக்கியபோது, அடையாளப் பொருள்கள் அன்றாட வாழ்வின் தட்டுமுட்டுகளோடு கலந்துவிட்டன. முள் தைத்த பாதத்தை ஜெரோம் குணப்படுத்தியதாக, 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராஜினே தொகுத்த புனிதர் வரலாறு கூறும் சிங்கம், உறங்கும் நாயின் அருகே வீட்டு விலங்குபோல் படுத்திருக்கிறது. சுவரில் தொங்கும் அகன்ற தொப்பி கர்தினாலுக்குரியது. கர்தினால்களுக்குச் செந்தொப்பி 13ஆம் நூற்றாண்டில்தான் வழங்கப்பட்டது என்பதால், 420இல் மறைந்த ஜெரோம் அதை அணிந்திருக்க இயலாது. எனினும், திருத்தந்தை தமாசுவிடம் செயலராகப் பணிபுரிந்த அவரைப் பிற்காலத்தார் கர்தினாலாகவே கருதினர். செந்நிறத்தைக் காட்ட வழியில்லாத படத்தில், அகன்ற விளிம்பும் குஞ்சங்களுமே அதன் பதவியைச் சொல்கின்றன.

சன்னலோரத்து மண்டையோடும் சுவரிலுள்ள மணற்கடிகையும் வேறுவகைப்பட்டவை. அவை ஆளை இனங்காட்டுவதற்காக அன்றி, வாழ்வின் நிலையாமையை நினைவூட்டவே இடம்பெற்றுள்ளன. ஜெரோமின் தலையிலிருந்து மேசையிலுள்ள பாடுபட்ட சுரூபத்தின் வழியே கோடு இழுத்தால் அது மண்டையோட்டைச் சென்றடையும் என்று கலை வரலாற்றாளர் சுட்டுவர். சாவுக்கும் மனிதனுக்கும் இடையே சிலுவை நிற்கும் இறையியல் கருத்து, சொல்லின்றிப் பொருள்களின் அமைப்பாலேயே உணர்த்தப்படுகிறது. உத்தரத்திலிருந்து தொங்கும் சுரைக்காயை, இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்து ஒரே நாளில் வாடிய செடியின் குறிப்பாகக் கொள்வாரும் உளர்.

அதே 1514இல் டியூரர் செதுக்கிய புனித தோமையார் நூலோடு ஈட்டியையும் ஏந்தியிருக்கிறார். மயிலாப்பூரை அடுத்த குன்றில் அவர் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்னும் மரபை அறிந்தவர்க்கு, பெயர் பொறிக்கப்படாத அப்படத்தில் ஐயம் எழாது. அறியாதவர்க்கு அவர் ஆயுதம் தாங்கிய ஒரு மனிதரே. இப்பொருள்களுக்குத் தாமாகப் பேசும் ஆற்றல் இல்லை. கலைஞரும் காண்போரும் பகிர்ந்துகொண்ட கதைகளே அவற்றுக்குப் பொருள் தந்தன.