பெயர் சொல்லாத மறுப்பு

யூஎஸ்பி செருகியின் நான்கு உலோகத் தகடுகளில், மின்சாரத்தைக் கொண்டுவரும் ஓர இரண்டும் தரவைக் கடத்தும் நடு இரண்டைவிடச் சற்று நீளமானவை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினால் மின்சாரம் தாக்கிக் கருவி கெட்டுவிடும் என்ற பரவலான அச்சத்துக்கு அடிப்படை குறைவு. விண்டோஸில் உள்ள ‘பாதுகாப்பாக அகற்றுதல்’ என்னும் கட்டளை முதன்மையாகக் காப்பது, கருவிக்குள் பாதியில் நிற்கக்கூடிய எழுத்துப் பணியை. இவ்வளவு நல்ல நோக்கமுடைய கட்டளையே, ‘கருவி பயன்பாட்டில் உள்ளது, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மூடிவிட்டு மீண்டும் முயலவும்’ என்று சொல்லிக் கைவிரித்துவிடும்போதுதான் பயனர் பொறுமையிழந்து கருவியைப் பிடுங்கிவிடுகிறார்.

கோப்பு ஒன்றைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது, தரவு நேராக அங்கே போய்ச் சேர்வதில்லை. வேகம் கருதி இயங்குதளம் அதைத் தன் நினைவகத்தில் ஓர் இடைத்தேக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பணி முடிந்ததாக நிரலுக்குச் சொல்லிவிட்டு, பிறகு தன் வசதிப்படி கருவியில் எழுதக்கூடும். பல பென் டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய கோப்பு முறைமைகளில், கோப்பின் உள்ளடக்கம், அது எந்தெந்தத் தொகுதிகளில் உள்ளது என்று காட்டும் அட்டவணை, கோப்பின் பெயரும் அளவும் பதிந்த கோப்புறைப் பதிவு ஆகியவை தனித்தனியே எழுதப்படுகின்றன. இவற்றுள் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று எழுதப்படாத இடைவெளியில் இணைப்பு அறுந்தால், கோப்பு இருந்தும் இல்லாத நிலை ஏற்படும். செய்யவிருக்கும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு இவ்விரு முறைமைகளிலும் இல்லாததால் தாமாகச் சீர்செய்துகொள்ள இவற்றுக்கு வழியில்லை. என்டிஎஃப்எஸ் முறைமையில் அத்தகைய பதிவேடு உண்டு என்றாலும், அது கோப்பு முறைமையின் கட்டமைப்பைக் காக்குமேயன்றிப் பாதியில் நின்ற உள்ளடக்கத்தை மீட்டுத் தராது.

2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ‘விரைவு நீக்கம்’ என்ற கொள்கையை மைக்ரோசாஃப்ட் இயல்பு நிலையாக்கியது. இதன்படி கருவிக்கான எழுத்து இடைத்தேக்கம் பயன்படுத்தப்படுவதில்லை; எழுத்துப் பணி எதுவும் நடக்காத வேளையில் கட்டளையின்றியே கருவியை எடுத்துவிடலாம். இது உண்மையான நிவாரணம்தான். ஆனால் எழுத்து நடக்கவில்லை என்பதைப் பயனர் எப்படி உறுதியாக அறிவார் என்பதற்கு, கருவியில் மினுக்கும் சிறு விளக்கைத் தவிர (அதுவும் எல்லாக் கருவிகளிலும் இல்லை) எளிய சான்று எதுவும் தரப்படவில்லை. ‘சிறந்த செயல்திறன்’ என்ற மற்றொரு கொள்கையைப் பயனர் தேர்ந்தெடுத்திருந்தாலோ கட்டளை கட்டாயமாகிவிடும்.

கட்டளை தரப்பட்டவுடன் விண்டோஸ் கருவியை உடனே விடுவித்துவிடுவதில்லை. முதலில், அதனோடு தொடர்புடைய இயக்கிகளிடமும் நிரல்களிடமும் அதை விலக்கலாமா என்று வினவுகிறது. அவற்றுள் எதுவும் மறுக்கலாம். கருவியிலுள்ள ஒரே ஒரு கோப்பையோ கோப்புறையையோ ஏதேனும் ஒரு நிரல் திறந்து வைத்திருந்தாலே அது மறுப்பாகக் கொள்ளப்படும். இவ்வாறு திறந்து வைத்திருக்கும் பிடிக்குக் கணினித் துறையில் ‘ஹேண்டில்’ என்று பெயர். ஆகவே, மேற்படிச் செய்தி பழுதின் அறிகுறியன்று. பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்ததன் விளைவு.

பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் பயனர் கண்ணில் படாதவை: புதிதாக வந்த கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ் தடுப்பு நிரல், தேடலுக்காக அட்டவணை தயாரிக்கும் பின்னணிச் சேவை, படங்களின் சிறு வடிவங்களை ஆக்கிக்கொண்டிருக்கும் எக்ஸ்புளோரர் சாளரம். இவை சில நொடிகளில் தாமே விலகிவிடும் என்பதால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்வதே முதல் மருந்து. இவற்றினும் நுட்பமான காரணம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஒவ்வொரு நிரலுக்கும் ‘நடப்புக் கோப்புறை’ என ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்புறையின் மீது நிரல் ஒரு பிடியையும் வைத்திருக்கும். கோப்பைத் திறக்கவோ சேமிக்கவோ தோன்றும் பெட்டியின் வழியே பென் டிரைவுக்குள் சென்றால், நடப்புக் கோப்புறையும் அங்கே மாறிவிடக்கூடும். அதன்பின் கோப்பை மூடினாலும் நிரலை முழுமையாக மூடாதவரை பிடி விடுவதில்லை. எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டதாகப் பயனர் உறுதியாகச் சொல்வதும், பயன்பாட்டில் உள்ளதாகக் கணினி உறுதியாகச் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

மறுத்த நிரல் எது என்பதை விண்டோஸ் பல வேளைகளில் அறிந்தே இருக்கிறது. அறிந்தும் அந்தச் சிறு செய்திப் பெட்டியில் அதைச் சொல்லாமல் வேறோர் இடத்தில் எழுதிவைக்கிறது என்பதுதான் வியப்பு. ஈவன்ட் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேட்டில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ என்று சென்று, கெர்னல்-பிஎன்பி என்ற மூலத்தின் கீழ் 225 என்ற எண்ணுடைய பதிவைத் தேடினால், அகற்றுதலைத் தடுத்த நிரலின் பெயரும் அதன் செயல் எண்ணும் அங்கே காணப்படும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஒப்பிட்டு, சேமிக்காத வேலை எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குறிப்பிட்ட நிரலை மட்டும் மூடினால் போதும். பதிவில் தெளிவு கிடைக்காதபோது, மார்க் ருசினோவிச் உருவாக்கியதும் 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்ததுமான பிராசஸ் எக்ஸ்புளோரர் என்ற இலவச நிரலில் ஹேண்டில்களைத் தேடும் வசதியைப் பயன்படுத்தலாம்.

பதிவில் காணப்படும் செயல் எண் 4 என்றிருந்தால் நிலைமை வேறு; அது இயங்குதளத்தின் கருப்பகுதியையே குறிப்பதால் பயனர் அதை மூட இயலாது. அப்போது கணினியை முழுமையாக அணைத்துவிட்டுக் கருவியை எடுப்பதே தக்க வழி. விண்டோஸ் 8 முதல் வந்துள்ள ‘விரைவுத் தொடக்கம்’ என்ற ஏற்பாடு, வழக்கமான அணைப்பின்போது கருப்பகுதியின் நிலையை வட்டில் சேமித்து வைத்து மறுமுறை அதையே எழுப்புகிறது. எனவே ஷிப்ட் விசையை அழுத்தியபடி அணைக்கும் கட்டளையைத் தந்து, மெய்யாகவே முழு அணைப்பு நிகழச் செய்வது நல்லது.

லினக்ஸில் இதே மறுப்பு ‘இலக்கு பயன்பாட்டில் உள்ளது’ என்று வரும். ஃபியூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையைத் தந்தால் பிடித்திருக்கும் நிரல் வெளிப்படும். அங்கே நினைவகம் மிகுந்த கணினிகளில், நகலெடுத்தல் முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் எழுதும் பணி நெடுநேரம் தொடரலாம் என்பதால், விலக்கும் கட்டளை உறைந்துபோனதுபோல் தோன்றினாலும் காத்திருக்க வேண்டும்.

அவசரத்தில் கருவி ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தால், மறுமுறை செருகும்போது அதைச் சோதிக்குமாறு விண்டோஸ் கேட்கலாம். அதற்கு இசைவதற்கு முன், படிக்க முடிகிற கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வதே அறிவுடைமை. ஏனெனில், சோதிக்கும் செக்டிஸ்க் நிரலின் நோக்கம் கோப்பு முறைமையை முரண்பாடற்றதாக்குவதே. உரிமையாளர் தெரியாத துண்டுகளை அது அழிக்கவும் கூடும், அல்லது ‘ஃபவுண்ட்.000’ என்ற கோப்புறையில் எண்ணிட்ட பெயர்களில் குவித்துவைக்கவும் கூடும். எந்தத் துண்டு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதைப் பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தே கண்டறிய வேண்டியிருக்கும்.