ஒளிரும் கிருமி சொல்வதும் சொல்லாததும்

"சளியில் கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" காசநோய்ச் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம் ஆனபின், பென்னாகரம், அரூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பது இது. இருமல் தணிந்து, பெங்களூருக்கு வேலைக்குத் திரும்ப எண்ணும் நேரமும் அதுவே. ஆகவே அம்முடிவின் பொருளை விளக்குவது எங்கள் கடமை.

சாயமேற்றாத கிருமியை நுண்ணோக்கியில் இனங்காண இயலாது. எனவே சளியில் ஆரமைன் என்னும் சாயத்தை இடுகிறோம். அது கிருமியின் மெழுகு போன்ற உறையில் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தால் கழுவினாலும் நீங்காது. நீல ஒளி பட்டதும், இருண்ட பின்னணியில் கிருமி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அது கண்ணில் படும். அதற்குக் குறைந்தால் முடிவு 'இல்லை' என்றே வரும்.

சிபி-நாட், ட்ரூநாட் பரிசோதனைகளில் ஒளிரும் மூலக்கூறு கிருமியின் மரபணுவைத் தேடி ஒட்டுகிறது. சில நூறு கிருமிகள் இருந்தாலே போதும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியவரும். ஆனால் இறந்த கிருமியின் மரபணுவும் ஒளிரும். ஆதலால் நோயைக் கண்டறிய இதையும், சிகிச்சையின் போக்கை அறிய நுண்ணோக்கியையும் நாடுகிறோம்.

ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டே ஒளி நுண்ணோக்கியின் 0.2 மைக்ரோமீட்டர் எல்லையைக் கடந்தமைக்காக, எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோர் 2014இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய கருவிக்கும் விதி ஒன்றே: அடையாளம் ஒட்டியது மட்டுமே தெரியும்.

எனவே, ஒளி தெரியவில்லை என்பதற்கு நோய் தீர்ந்தது என்பது பொருளன்று. மருந்து வேலை செய்கிறது என்பதே பொருள். எஞ்சிய கிருமிகளை அழிக்கவே வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்கிறது. இடையில் நிறுத்தினால் நோய் மீளலாம். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

வெளியூர் செல்வோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். செல்லும் ஊரிலேயே அரசு மருந்து இலவசமாகத் தொடர ஏற்பாடு செய்ய இயலும். சளி தரும்போது காலையில் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் தாருங்கள். உமிழ்நீரில் கிருமியைத் தேடி எந்த ஒளியும் பயனளிக்காது.