இனாம் மருந்தும் அடைத்த கதவும்

தென்னாப்பிரிக்காவில் 2001-ஆம் வருஷத்தில் நிலவிய விசித்திர நிலைமையை நேயர்கள் சற்றே சிந்தித்தல் வேண்டும். எச்.ஐ.வி. கிருமியுடைய கர்ப்பிணிக்குச் சிகிச்சை ஏதும் செய்யாவிடில், அது 100-க்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றிவிடும். பிரசவ வேதனை தொடங்கும்போது தாய்க்கு நெவிரபைன் மாத்திரை ஒன்று. பிறந்த மூன்று தினங்களுக்குள் சிசுவுக்கு ஒரு வேளை மருந்து. இதனால் அபாயம் பெரிதும் குறையும் என்பது உகாண்டாவில் நடந்த பரிசோதனையால் 1999-லேயே வெளிப்பட்டது. தயாரிக்கும் ஜெர்மன் கம்பெனியோ, ஐந்து வருஷங்களுக்கு அம்மருந்தை இனாமாகவே தருவதாகக் கூறிற்று.

சர்க்கார் செய்ததென்ன? மாகாணத்துக்கு இரண்டாக 18 கேந்திரங்களை மட்டும் பொறுக்கி, அங்கே ஆராய்ச்சி முடியும்வரை ஏனைய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து வழங்கலாகாதென்று தடுத்துவிட்டனர். பணமுள்ளவள் தனி டாக்டரிடம் அதே மாத்திரையைப் பெறலாம். ஏழைத் தாய்க்கு எதிரில் டாக்டர் நிற்பார். அவர் கைதான் கட்டப்பட்டிருக்கும்.

1998-இல் தோன்றிய 'டிரீட்மெண்ட் ஆக்ஷன் காம்பெய்ன்' என்னும் ஸ்தாபனத்தார் வீதியில் ஊர்வலம் நடத்தியதோடு நில்லாமல், கோர்ட்டையும் நாடினர். பிரிட்டோரியா ஹைகோர்ட்டில் 2001 டிசம்பரில் ஜயித்தனர். சுகாதார மந்திரி அப்பீல் செய்தார். மருந்தின் பத்திரத்தைப் பற்றிய சந்தேகம், ஆலோசகர்கள் போதாமை, பால் மாவுச் செலவு ஆகியவை சர்க்கார் தரப்பு வாதங்கள். கொள்கை விஷயத்தில் நியாயஸ்தலம் கட்டளையிடலாகாது என்ற வாதமும் எழுந்தது. வக்கீல் தொழிலில் இருப்போருக்கு இது பழகிய பல்லவியே. 2002 ஜூலை 5-ஆம் தேதி அரசியல் சட்டக் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: தடையைத் தாமதமின்றி நீக்குக, டாக்டர் அவசியமெனக் கருதி, ரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் வசதியுள்ள இடமெங்கும் மருந்தைக் கொடுக்க அனுமதிக்க, அவ்வசதி இல்லாத இடங்களுக்கு அதை விஸ்தரிக்க நியாயமான முயற்சி செய்க.

இத்தகைய தீர்ப்பைக் கண்டால் எம்போன்றோர் பூரித்துப்போவது சகஜம். எனினும், தீர்ப்பு நகல் மாத்திரையைத் தாயின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஆலோசனைக்கு ஆளில்லாத கிளினிக்கில் அனுமதியிருந்தும் பயனில்லை. டாக்டருக்காகவே காத்திருந்தால், கிராமத்துக் கர்ப்பிணியின் மாதங்கள் கடந்துவிடும். நர்ஸுகளே சிகிச்சையைத் தொடங்கலாமென்ற ஏற்பாடு அந்நாட்டில் 2010-இல்தான் பரவலாயிற்று. தீர்ப்புக்குப் பின் எட்டு வருஷங்கள்! மலாவி 2011-இல் மற்றொரு சிக்கலை அறுத்தது. ரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தியை அளக்கும் யந்திரங்கள் போதிய அளவில் இல்லாதபடியால், அந்த அளவைப் பாராமலே, கிருமி கண்ட ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆயுட்கால மருந்தைத் தொடங்கிற்று. 2015-இல் தென்னாப்பிரிக்காவும் இம்முறையைக் கைக்கொண்டது. ஒற்றை மாத்திரையின் காலம் அதற்கு முன்பே போய்விட்டது. சிகிச்சை ஒழுங்காக நடந்தால் தொற்று 100-க்கு 5-க்கும் கீழே இறங்குகிறது.

இன்று தொல்லை மருந்தில் இல்லை. தாமதமாக வருதல், அயலார் அறிந்துவிடுவர் என்ற அச்சம், பிரசவமானபின் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிடுதல் ஆகிய மூன்றே பெருந்தடைகள். இதற்குக் கேப்டவுனில் 2001-இல் தொடங்கிய 'மதர்ஸ் டு மதர்ஸ்' ஸ்தாபனத்தார் கண்ட உபாயம் எமக்கு மிகவும் உவப்பானது. அதே கிருமியோடு பிள்ளை பெற்ற தாய்மார்களைப் பழக்கிக் கிளினிக்கிலேயே அமர்த்துகின்றனர். புதிதாக வந்து நடுங்குபவளிடம் பேசுவதும், வராதவளைத் தேடுவதும் அவர்கள் வேலை. இவ்வேலைக்குச் சம்பளமும் உண்டு. ஏழைப் பெண்களைத் தொண்டு என்ற பெயரால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.