கல்லூரி வாசல் – 14: சொந்தக் கேள்விக்கு யார் காசு தருவார்?

சென்ற வாரம் பார்த்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரி சலுகை எல்லாம் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் காப்பவை. இந்த வாரம் பேசப்போவது வேறு வகைப் பணம். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வி மாணவருக்குள் எழுகிறது. ஊர் ஏரித் தண்ணீர் ஏன் நிறம் மாறியது? தாத்தா ஆடிய கூத்தின் அடவுகளை யார் பதிவு செய்வது? தேடிப் போக பஸ் காசு வேண்டும், கருவி வேண்டும், விடுமுறையில் வேலைக்குப் போகாமல் இருக்க வழி வேண்டும். இதற்கும் நம் நாட்டில் பணம் இருக்கிறது. ஆனால், கேட்டால் கிடைக்கும் என்ற செய்தியே பல கல்லூரிகளில் மாணவர் காதுக்கு எட்டுவதில்லை.

மருத்துவ மாணவர்களுக்கானதை முதலில் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் தொடங்கிய குறுகிய கால ஆய்வு உதவித்தொகை அது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிக்கும் மாணவர், தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்து, ஆய்வுத் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர்தான். அதனால் நல்ல ஆசிரியரை முந்திக்கொண்டு கேட்பவருக்கே வாய்ப்பு. நெறிமுறைக் குழுவின் அனுமதி, இரண்டு மாத ஆய்வு, பிறகு அறிக்கை. அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் 50,000 ரூபாயும் கிடைக்கும்.

பணம் எப்போது வருகிறது என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அலைவது, கேள்வித்தாள் அச்சடிப்பது, பரிசோதனைச் செலவு எல்லாம் முதலில் கைக்காசு. அறிக்கை தள்ளுபடியானால் போட்ட காசும் போயிற்று. விடுதிக் கட்டணத்துக்கே கடன் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த உதவித்தொகை பெயரளவில்தான் திறந்திருக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அறிவுக் குறையால் அல்ல, ஐயாயிரம் ரூபாய் முன்பணம் இல்லாததால் ஒரு கேள்வி கைவிடப்படுகிறது.

அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவருக்கு. மீதி 20,000 கோடை விடுமுறை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம், நாட்டின் பெரிய ஆய்வகங்களில் இரண்டு மாதம் வேலை செய்ய வைக்கிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் வேளாண்மை, பொறியியல், கால்நடை மருத்துவம் எனப் பல துறை மாணவர்களின் திட்டங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் ஒரு கிராமத்துக் கிணறுகளின் நீரைப் பரிசோதிக்க அது தாராளம்.

கலைப் பிள்ளைகளின் நிலைதான் கவலை. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்கள் 400 பேருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு தருகிறது. நாடு முழுவதற்கும் 400 பேர். இசை, நடனம், நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அது குருவிடம் மேற்பயிற்சி பெறுவதற்கான தொகை. சொந்தமாக ஒன்றைத் தேடிப் பதிவு செய்ய நினைப்பவர்கள், பட்டம் முடித்த கையோடு பெங்களூரில் 1993-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலை அறக்கட்டளையைப் பார்க்க வேண்டும். ஐ.எஃப்.ஏ. என்பார்கள். விண்ணப்பத்தை இந்திய மொழி எதிலும் எழுதலாம். ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் செலவுப் பட்டியலில். "இதர செலவுகள் 5,000" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புரிசைக்குப் போய்த் தெருக்கூத்தைப் பதிவு செய்கிறீர்கள் என்று வையுங்கள். செய்யாறு வரை பஸ், அங்கிருந்து ஊருக்கு, விடிய விடியக் கூத்து என்பதால் கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, பாட்டுகளைக் கேட்டு எழுதும் ஆளுக்குக் கூலி என்று பிரித்து எழுதுங்கள். கலைஞருக்குத் தரும் தொகையையும் தவறாமல் எழுதுங்கள். அவர் ஒரு முழு நாளை உங்களுக்காக ஒதுக்கித் தம் வித்தையைச் சொல்லித்தருகிறார். அவரை இலவசமாகப் பேசவைத்து நீங்கள் மட்டும் பட்டமும் பரிசும் வாங்குவது முறையல்ல. செலவுப் பட்டியலைப் படிப்பவருக்கு நீங்கள் அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒருமுறையாவது போய் வந்தவரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முன்பணச் சிக்கலுக்குக் கல்லூரிகளே வழி செய்யலாம். பழைய மாணவர் சங்கம் இல்லாத கல்லூரி அரிது. பத்து மாணவர்களுக்கு ஆளுக்கு 5,000 என்றால் மொத்தம் 50,000 ரூபாய். உதவித்தொகை வந்ததும் மாணவர் திருப்பித் தந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே பணம் வேறு பத்துப் பேருக்கு. அறிக்கை ஏற்கப்படாத ஒருவர் இருவரின் தொகையைச் சங்கமே ஏற்றுக்கொள்ளலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

(தொடரும்)