சேயாற்றுக்கு நீராட வரும் அண்ணாமலையார்

ஜவ்வாது மலையில் பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சங்கமிக்கும் சிற்றாறு செய்யாறு. பார்வதி தேவி வாழைப்பந்தலில் மணலால் லிங்கம் அமைத்து வழிபட நீர் வேண்டினாள். சேயாகிய முருகன் வேலெறிந்து வரவழைத்தான். ஆகவே இது சேயாறு என்பது தலபுராணம். இதன் கரையில் காஞ்சி, கடலாடி, பூண்டி, குருவிமலை முதலிய ஊர்களில் கரைகண்டேசுவரர் ஆலயங்கள் ஏழு உள்ளன. (இந்தக் காஞ்சி, காமாட்சியின் காஞ்சிபுரம் அன்று; பருவதமலைப் பக்கத்துச் சிற்றூர்.)

மழையை நம்பிய ஆறு இது. ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணலே தெரியும். ஆயினும் ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசபாக்கத்துக்கு எழுந்தருளி, திருமாமுடீசுவரரோடு இவ்வாற்றில் தீர்த்தவாரி காண்கிறார். சூலரூபமாக இறைவன் நீராடும் வேளையில், எருக்கிலையைத் தலையில் வைத்து முழுகும் முதியோரும் உண்டு. அன்று கிராமங்களெல்லாம் ஆற்றில்தான் இருக்கும். கட்டுச்சோற்றுடன் வந்து மணலில் அமர்வோர், பலூன் கேட்டு அழும் பிள்ளைகள், ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் சம்பந்திகள் என இரவு வரை கூட்டம் கலையாது.

முன்னாளில் கையால் மணலைத் தோண்டினாலே ஊற்று சுரந்தது. குடத்தை நிரப்ப அகப்பை போதும். அந்த ஊற்றைக் காத்தது மணலே. மேலே வறண்டாலும் அடியில் நீரைத் தேக்கி வைக்கும் இயல்பு அதற்கு உண்டு. மணலை அள்ளிவிட்டால் ஊற்று இல்லை, கரைக்கிணறுகளும் வற்றும், சுவாமி நீராடவும் நீரை வேறிடத்திலிருந்து கொணர நேரும்.

தை அமாவாசைக்குப்பின் வரும் வளர்பிறை சப்தமியே ரதசப்தமி. கலசபாக்கம், திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையில் உள்ளது.