ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்

ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் என்பது ஜாவா நிரலாக்க மொழியில் எக்ஸ்எம்எல் அடிப்படையிலான வலைச் சேவைகளை உருவாக்க உதவும் நிரலாக்க இடைமுகம் ஆகும். இது 2006 இல் வெளியான ஜாவா 6 உடன் சேர்த்தே வழங்கப்பட்டது. எனவே அக்காலத் தொடக்கநிலைப் பாடங்கள் தனி நிரலகம் எதனையும் நிறுவக் கோருவதில்லை.

பிழையின் காரணம்

இவ்விடைமுகம் ஜாவா 9 இல் (2017) நீக்கப்படவுள்ளதாகக் குறிக்கப்பட்டு, ஜாவா 11 இல் (2018) நீக்கப்பட்டது. ஆகையால் பழைய பாடத்தின் நிரலை எழுத்துப் பிசகாமல் உள்ளிட்டாலும், "ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.டபிள்யூஎஸ்" என்னும் பொதி இல்லை என்ற பிழைச்செய்தி தோன்றும். இது கற்பவரின் தவறு அன்று.

தீர்வுகள்

* பாடத்தை ஜாவா 8 இல் இயக்கிப் பார்த்தல்.
* நிரலகத்தின் 2.3 ஆம் பதிப்பைத் தனியே தரவிறக்கி இணைத்தல். 3.0 ஆம் பதிப்பு முதல் பொதிப் பெயர்கள் "ஜாவாஎக்ஸ்" என்பதற்கு மாறாக "ஜகார்த்தா" எனத் தொடங்குவதால், அதனை இணைப்போர் நிரலின் இறக்குமதி வரிகளையும் மாற்றுதல் வேண்டும்.