பவுத்திர அறுவைக்குப் பின்: புண்ணுக்குத் துணைநிற்கும் களிம்புகள்

பவுத்திர அறுவையில் புண்ணைப் பெரும்பாலும் தையல் போட்டு மூடுவதில்லை. ஆசனவாயின் உட்சுரப்பியில் சீழ் பிடித்து, வெளித்தோல் வரை குடைந்துகொண்டு வரும் பாதையே பவுத்திரம். அந்தப் பாதையைக் கீறித் திறந்து, உள்ளிருக்கும் கெட்ட திசுவைச் சுரண்டியெடுத்து, புண்ணைத் திறந்தபடியே விடுகிறார்கள். அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து நிரம்பிய பிறகே மேல்தோல் கூட வேண்டும். இதற்குப் பல வாரங்கள் ஆகும். பெரிய புண்ணானால் 3 மாதம்கூட ஆகலாம். தோல் முந்திக்கொண்டு மூடி, அடியில் பொந்து தங்கிவிட்டால் மறுபடி சீழ் கட்டும்.

எந்தக் களிம்பு எதற்கு?

சுக்ரால்ஃபேட்: குடற்புண்ணுக்கு வாய்வழி தரப்படும் மருந்து இது. களிம்பாகத் தடவும்போது புண்ணிலுள்ள புரதத்தோடு ஒட்டிக் காப்புப் படலமாகிறது. சதை வளரத் தூண்டும் பொருள்கள் சிதையாமலும் காக்கிறது. பவுத்திரப் புண்ணில் 10 விழுக்காட்டுக் களிம்பு சோதிக்கப்பட்டு, ஆறும் வேகம் கூடியது கண்டறியப்பட்டுள்ளது.

மெட்ரோனிடசோல்: காற்றில்லா இடத்தில் பெருகும் பாக்டீரியாக்களை அழித்து, துர்நாற்றத்தைக் குறைக்கிறது. மூல அறுவைக்குப் பின் வலியைத் தணிக்கவும் பயன்படுகிறது.

லிக்னோகைன் ஜெல்: இடத்தை மரத்துப்போகச் செய்யும், புண்ணை ஆற்றாது. அளவு மீறினால் ரத்தத்தில் கலந்து தீங்கு தரலாம்.

டில்டியாசெம், நைட்ரோகிளிசரின்: ஆசனவாய்ச் சுருக்குத்தசையைத் தளர்த்துபவை. முக்கியமாக ஆசனவாய் வெடிப்புக்கு உரியவை என்பதால் மருத்துவர் சொன்னால் மட்டுமே தடவ வேண்டும். நைட்ரோகிளிசரினால் தலைவலி வருவதுண்டு.

தவிர்க்க வேண்டியவை

கடையில் கிடைக்கும் மூலக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றினால், வளர்ந்துவரும் இளஞ்சதையும் கெடும். மஞ்சள், பச்சிலை போன்றவற்றைத் திறந்த புண்ணில் வைப்பது கிருமித்தொற்றுக்கு வழிவிடும்.

தடவும் முறை

மலம் கழித்ததும் தண்ணீரால் கழுவி, அகன்ற தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி 10 முதல் 15 நிமிடம் உட்கார வேண்டும். பிறகு மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கையுறை அணிந்த விரலால் களிம்பை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். மேலே காஸ் துணியைத் தளர்வாக வைக்கலாம். பஞ்சு வைத்தால் இழைகள் புண்ணில் ஒட்டும். பவுத்திரப் பாதை வழியே செட்டான் எனும் நூல் கோத்துக் கட்டியிருந்தால் அதை இழுக்காமல் சுற்றிலும் சுத்தம் செய்ய வேண்டும்.

களிம்பால் மட்டும் ஆறாது

மலம் இறுகினால் புண் கிழிந்து ரத்தம் கசியும். கீரை, பழம், முழுதானியம், போதிய தண்ணீர் ஆகியவை மலத்தை இளக்கும். தேவையானால் மருத்துவர் இசப்கோல் தருவார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகைப்பழக்கம் தொடர்ந்தாலும் எந்தக் களிம்பும் முழுப் பலன் தராது. புண் அடியிலிருந்து நிரம்புகிறதா என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்ல முடியும். ஆகவே வலி நின்றுவிட்டாலும் மறுபரிசோதனைக்குப் போவது அவசியம்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, புதிய வீக்கம், மிகுந்த சீழ், நிற்காத ரத்தப்போக்கு, சிறுநீர் பிரியாமை, மலத்தை அடக்க முடியாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது. மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்குப் பின்னால் காசநோயோ, குடல் அழற்சியான கிரோன் நோயோ, அரிதாகப் புற்றுநோயோ இருக்கலாம். அப்போது களிம்பை மாற்றிக்கொண்டே போகாமல், திசுப் பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டறிய வேண்டும்.